எதை அமுத்தினாலும் செஞ்சி

நான் எழுதினது ஒரே ஒரு வரி. அரை நிமிஷம்கூட ஆகல. அதை எப்படி வெளிய சொல்றதுன்னு இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன் பாருங்க, அதுதான் வேடிக்கை. வேடிக்கைன்னு சொல்லக்கூடாது. வெட்கக்கேடு.

எண்பதுகளோட கடைசி. விழுப்புரத்துல டிப்ளமா கடைசி வருஷம் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க காலேஜுக்கு அப்பத்தான் கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு, மொத்தம் நாலு. ஏ.சி. ரூம். வாசல்ல செருப்பைக் கழட்டணும், கையைக் கழுவணும், உள்ள போயிட்டா குரலை உசத்தக்கூடாது. கறுப்புத் திரையில பச்சை எழுத்து. கட்டளையை ஒரு எழுத்து பிசகாம இங்கிலீஷ்ல அடிக்கணும். ஒரு கமா விட்டுப்போனாக்கூட 'சின்டாக்ஸ் எரர்'னு கத்திடும். இங்கிலீஷே தகராறான பசங்க நாங்க. அந்த எரரைப் பாத்துப் பாத்தே படிப்பை விட்டுடலாமான்னு பாதிப் பேரு நெனச்சிருக்கோம்.

கடைசி வருஷம் புராஜெக்ட். மூணு மூணு பேரா பிரிச்சாங்க. என்கூட ரெண்டு பேரு. ஒருத்தன் என் பெஞ்சுக்காரன், ஃபர்ஸ்ட் இயர்லேருந்தே சிநேகம். திருவக்கரைப் பக்கம் ஒரு ஊருல காலனியில அவன் வீடு. அப்பா இல்ல. அம்மா கழனி வேலைக்குப் போயிதான் அவனைப் படிக்க வச்சாங்க. விழுப்புரத்துல ஹாஸ்டல்ல தங்கியிருந்தான். புரோகிராம் எழுதறதுல எங்க கிளாஸுலேயே அவன்தான் கில்லாடி, சும்மா சொல்லக்கூடாது. இன்னொருத்தர் பொண்ணு, டவுன்காரங்க, நல்லா படம் போடுவாங்க. மூணு மாசம் ஒண்ணா வேலை செஞ்சும் நாங்க அவங்களை 'வாங்க, போங்க'ன்னுதான் கூப்பிட்டோம், அவங்களும் அப்படித்தான். வேற மாதிரி பேசியிருந்தா காலேஜே எங்களைப் பத்திப் பேசியிருக்கும். மூணாவது நான். எங்களுக்குச் சொந்த நிலம், கிணறு, மோட்டார் உண்டு. மல்லாட்டையும் (அதான், வேர்க்கடலை) கரும்பும் போடுவோம். அவன் அம்மா மாதிரி ஆளுங்க எங்க கழனியில வேலை செஞ்சாங்க. இதைச் சொல்லாம மீதியைச் சொல்ல முடியாது.

மத்த செட்டுக்காரங்க எல்லாரும் லைப்ரரிக்கு, மார்க் லிஸ்டுக்கு, சம்பளப் பட்டியலுக்குன்னு புரோகிராம் எடுத்துக்கிட்டாங்க. நானும் மார்க் லிஸ்ட் போடலாம்னுதான் சொன்னேன். அவன் மாட்டேன்னுட்டான்.

"எங்கம்மா பஸ் ஏறுறதுக்கு ஒண்ணு பண்ணலாம்டா" அப்படின்னான்.

அவங்களுக்கு எழுத்து தெரியாது. பெரிய பொண்ணைச் செஞ்சியில கட்டிக் குடுத்திருந்தாங்க. அதைப் பாக்கப் போகணும்னாலும் சரி, இவனைப் பாக்க விழுப்புரம் வரணும்னாலும் சரி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி வேற பஸ் மாறணும். யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாங்க. ஒரு தடவை எந்தப் புண்ணியவானோ வேணும்னே கையைக் காட்டிவிட்டிருக்கான். செஞ்சி பஸ்ஸுன்னு நம்பி ஏறினவங்க பாண்டியில போயி எறங்கியிருக்காங்க. நடுவழியில கண்டக்டர் பஸ் பூரா கேக்கற மாதிரி, "போர்டைப் பாத்து ஏறமாட்டியா, கண்ணு தெரியலையா?"ன்னு திட்டியிருக்கான்.

"எழுத்து தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு, ஆமாங்க, கண்ணு சரியில்லீங்கன்னு சொல்லிச்சாம்டா" என்றான். "எங்கம்மாவுக்குக் கண்ணு நல்லா தெரியும். கருக்கல்ல களை எடுக்கும். அது ஒருத்தரையும் கேக்காம பஸ் ஏறணும். எனக்கு அவ்ளோதான் வேணும்."

அதுதான் எங்க புராஜெக்ட். எழுத்தே இல்லாத கம்ப்யூட்டர். கீபோர்டு மேல ஒரு கெட்டி அட்டை. அதுல ஆறு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு படம். படத்தை அமுத்தினா கீழ இருக்கற கட்டை அமுங்கும். உடனே அதே படம் திரையில பெருசா வரும், பக்கத்துல திண்டிவனம் பஸ் ஸ்டாண்டோட வரைபடம் வரும். டீக்கடை, தண்ணிக் குழாய், பூக்கடை எல்லாம் அதுல உண்டு. பஸ் எந்த இடத்துல நிக்குமோ அங்க ஒரு குட்டி பஸ் மினுக்கு மினுக்குன்னு மின்னும். கடிகாரம் பாக்கத் தெரியாதவங்களுக்கு நேரத்தை எப்படிக் காட்டறதுன்னு ஒரு வாரம் மண்டையை ஒடைச்சுக்கிட்டோம். கடைசியில அந்தப் பொண்ணுதான் திரையோட மேல் ஓரத்துல ஒரு சூரியனைப் போட்டு, அது எங்க நிக்குதோ அப்ப பஸ்ஸுன்னு வச்சாங்க. இன்னிக்கு ஃபோன்ல வர்ற படத்தையெல்லாம் பாக்கறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு எங்க சாரே எழுந்து நின்னு பாத்தார்.

எந்த ஊருக்கு என்ன படம்னு உக்காந்து பேசினோம். செஞ்சிக்குக் கோட்டை. பாண்டிக்கு அலை. திருவண்ணாமலைக்கு மலைமேல தீபம். மயிலத்துக்கு மயில். திருவக்கரைக்கு நாக்கை நீட்டின காளி. விழுப்புரத்துக்கு என்னன்னு ரெண்டு பேரும் முழிச்சாங்க. நான் டக்குனு சொன்னேன், வில்லு. எனக்கே என் மூளையை நெனச்சுப் பெருமையா இருந்துச்சு. அவங்களும் நல்லாருக்கேன்னுதான் சொன்னாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அட்டையை எடுத்துக்கிட்டு மூணு பேரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அந்தப் பொண்ணு தங்கச்சியைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் அம்மா எங்களுக்கு முன்னாடியே வந்து பூக்கடை ஓரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒல்லியா, நெடுநெடுன்னு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டாங்க. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் பாக்காத மாதிரி இருந்துட்டோம்.

அட்டையைக் காட்டினோம். காளியைப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டு, "வக்கரை"ன்னாங்க. அலையைப் பாத்து பாண்டின்னாங்க. மயிலும் சரியாச் சொன்னாங்க. வில்லுகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க.

"இது என்னாங்க தம்பி, அறுப்பு அருவாளா?"

"வில்லுங்கம்மா. விழுப்புரம்."

யோசிச்சுப் பாத்தாங்க. அப்புறம் நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாங்க. "வியுப்புரத்துல யாருங்க வில்லு வச்சிருக்கறாங்க?"

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அப்புறந்தான் அவனுக்கு ஒறைச்சிருக்கு. எதிர்ல நின்ன பஸ் போர்டைக் காட்டி, "டேய், இங்கிலீஷ்ல என்னா போட்டிருக்கான் படி. வி, ஐ, எல், எல், யூ. நீ அதைப் படிச்சுட்டுத்தான் வில்லு போட்டிருக்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு, படிச்சாத்தான் புரியற படம் போட்டிருக்கோம்டா நாம" அப்படின்னான்.

அவன் 'நாம'ன்னு சொன்னது என்னைக் காப்பாத்தறதுக்கு. எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. 'அப்ப என்ன படம் போடலாம்'னு அவன் அம்மாவைக் கேட்டான்.

"ரயிலைப் போடு. ரயிலு நிக்கறதாலதான அது வியுப்புரம்."

அவ்ளோதான். எங்க மூணு பேருக்கும் தோணாதது. அவன் நோட்டைத் தொறந்து எழுதினான்: 'அம்மா தப்பு பண்ணல. படம்தான் தப்பு.' அதுக்கப்புறம் அதையே சட்டமா வச்சுக்கிட்டான். யாரு எதைத் தப்பா அமுத்தினாலும் அது நம்ம தப்பு, திருத்த வேண்டியது நாமதான், மிஷினுக்கு முன்னால வர்றவங்க தலைகுனியக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். எனக்கு எரிச்சலா வரும். ஒரு கழனிக்கார அம்மா என் புத்தியைச் சந்தியில வச்சுக் காட்டிட்டாங்களேன்னு உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டிருந்தேன். அப்ப இப்படி ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். இப்ப ஒத்துக்கறேன்.

பரீட்சை அன்னிக்குக் காலையிலேயே அவன் அம்மாவை லேபுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தரே வந்து, எக்ஸாமினர் முன்னாடி மிஷினை இயக்கிக் காட்டணும். அதுதான் அவனோட ஆசை. ஏ.சி.யில அந்த அம்மாவுக்கு ஒடம்பு நடுங்குச்சு. கட்டையைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் விரலைப் பொடவையில தொடைச்சுக்கிட்டாங்க.

"செஞ்சிக்குப் போகணும், எங்க பஸ்?"னு கேட்டோம். திருவண்ணாமலையை அமுத்தினாங்க. திரும்பக் கேட்டோம். திரும்பவும் திருவண்ணாமலை. செஞ்சிக் கோட்டையும் மலைமேலதான், தீபமும் மலைமேலதான். அட்டையில போட்ட அளவுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு போன வாரமே இதைச் சொல்லி பயந்தாங்க.

அவனுக்குக் கவலையே இல்ல. "சூப்பரு. இதையும் ரிப்போர்ட்ல எழுதுவோம். எக்ஸாமினர் முன்னாடி தப்பா அமுத்தினா அமுத்தட்டும்டா. ஏன் தப்பாச்சுன்னு அவருக்கு எடுத்துச் சொல்லலாம். அதுதான நம்ம புராஜெக்டே" அப்படின்னு சொல்லிட்டு, அம்மாவை டீ குடிக்க கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனான். அந்தப் பொண்ணும் கூடப் போனாங்க.

நான் போகல. மிஷின் முன்னாடி உக்காந்திருந்தேன்.

நாங்க புரோகிராம் எழுதினது பேசிக்ங்கற மொழியில. அது தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அதுல வரிக்கு நம்பர் உண்டு. பத்து, இருபது, முப்பதுன்னு பத்துப் பத்தா விட்டுத்தான் எழுதுவோம், பின்னால நடுவுல ஏதாவது செருக வேண்டியிருந்தா எடம் வேணுமேன்னு. முந்நூத்தி நாப்பதாம் வரி, எந்தக் கட்டை அமுங்குச்சுன்னு வாங்கிக்கும். முந்நூத்தி அம்பதாம் வரி, அதுக்கு ஏத்த ஊரைத் தேடும். நான் முந்நூத்தி நாப்பத்தஞ்சுன்னு ஒண்ணு செருகினேன். எந்தக் கட்டை அமுங்கினாலும் அதை ஒண்ணாம் கட்டைன்னு எடுத்துக்கோ. ஒண்ணாம் கட்டை செஞ்சி.

ஏன் செஞ்சேன்? மார்க்குக்காகத்தான். முதல் மார்க் வாங்குற செட்டை மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்குச் சொல்லிவிடறேன்னு சார் சொல்லியிருந்தார். அதுவும் உண்மை. ஆனா இன்னொண்ணும் இருக்கு. இந்த அம்மாவுக்கு இது வராதுன்னு நான் தீர்மானமே பண்ணிட்டேன். அவன் சொன்ன சட்டத்தை ஒரு நாளும் நான் நம்பல. படம் தப்பா இருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. ஆளுதான் தப்புன்னு நெனச்சேன்.

மெட்ராஸ்லேருந்து வந்திருந்த எக்ஸாமினர் தங்கமான மனுஷன். என்னைக் கேட்டார், அந்தப் பொண்ணைக் கேட்டார், அவனை நிறைய கேட்டார். அப்புறம் அந்த அம்மாவை உக்கார வச்சோம். நான் அவங்களுக்கு வலப்பக்கம் நின்னேன். அந்தப் பொண்ணு இடப்பக்கம். அவன் திரைக்கு அந்தாண்ட, அம்மா மொகத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். செஞ்சின்னு கேக்கணும்னு சாருகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தோம். சார் வாயைத் தொறக்கறதுக்குள்ள எக்ஸாமினர் முந்திக்கிட்டார்.

"அம்மா, நாங்க யாரும் ஊரு சொல்லல. உங்களுக்கு எங்க போகணுமோ, அதை நீங்களே பாருங்க."

நான் சட்டுனு சார் பக்கம் திரும்பினேன்.

அந்த அம்மா விரலைத் தொடைச்சுக்கிட்டாங்க. காலையில இருந்த பதட்டம் இல்ல. அட்டையை நிதானமா மேலேருந்து கீழ பாத்தாங்க. கடைசி வரிசையில காளியை அழுத்தமா ஒரு அமுத்து அமுத்தினாங்க. விரலு அந்தப் படத்தோட நட்டநடுவுல போயி நின்னுச்சு. நான் பாத்தேன். துளிகூடப் பிசகல.

திரையில செஞ்சிக் கோட்டை வந்துச்சு. டீக்கடைப் பக்கத்துல பஸ் மின்னுச்சு.

"ஓ, செஞ்சிக்கா? அங்க யாரும்மா இருக்காங்க?" எக்ஸாமினர் சிரிச்சுக்கிட்டே கேட்டார்.

அந்த அம்மா திரையைப் பாத்தாங்க. தன் விரலைப் பாத்தாங்க. அப்புறம் பையனை நிமிந்து பாத்தாங்க. அவன் மொகம் பூரா சிரிப்பு. அவன் நின்ன எடத்துலேருந்து அட்டை தெரியாது.

"ஆமாங்க. செஞ்சிக்குத்தான். பொண்ணு இருக்குதுங்க" அப்படின்னாங்க.

எக்ஸாமினர் கையைத் தட்டினார். "இதை லேபுல வச்சுப் பாத்தா போதாது, பஸ் ஸ்டாண்டுலயே வைக்கணும். போக்குவரத்து ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், நான் பேசறேன். எழுத்துத் தெரியாதவங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வாங்க, அவங்களே அமுத்திப் பாக்கட்டும்" அப்படின்னார். பத்துப் பேரா, எங்கம்மா அந்தத் தெருவையே கூட்டிட்டு வரும் சார்னு அவன் சொன்னான். தரையில கால் படாம நின்னான்.

வராண்டாவுல அந்தப் பொண்ணு என்னை நிறுத்திக் கேட்டாங்க. "அவங்க காளியைத்தானேங்க அமுத்தினாங்க?"

"இல்லீங்க, கோட்டைதான். நீங்க சரியாப் பாக்கல."

அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட அவங்க பேசவே இல்ல.

அவன் ரிப்போர்ட்டுல கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போயிருந்தான். அவன் அம்மா வெளிய வேப்பமரத்தடியில நின்னாங்க. நான் வண்டியை எடுக்கப் போனப்ப மெதுவா கிட்ட வந்தாங்க.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவங்கிட்ட சொல்லாதீங்க."

"கேளுங்கம்மா."

"நான் காளியாத்தாளைத்தான் அமுத்தினேன். வூட்டுக்குப் போவணும்னு நெனச்சுக்கினுதான் அமுத்தினேன். அது செஞ்சியைக் காட்டிச்சு. நான் தப்பா அமுத்திட்டனா?"

சொல்லியிருக்கலாம். அங்க வேற யாருமே இல்ல. 'இல்லம்மா, நீங்க சரியாத்தான் அமுத்தினீங்க'ன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? ஏன், எனக்கு ஒண்ணும் தெரியலைன்னுகூடச் சொல்லியிருக்கலாம். பாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாம்மா. விரலு தவறிப் பக்கத்துல பட்டிருக்கும். பரவால்ல விடுங்க. காலையில செஞ்சிதான கேட்டோம், மிஷினே அதைப் புரிஞ்சுக்கிட்டு சரி பண்ணிக்கிச்சு."

"அதான பாத்தேன்" அப்படின்னாங்க. "நல்லா பாத்துத்தான் அமுத்தினேன்னு நெனச்சேன். என் கண்ணு அவ்ளோதான்." அப்புறம், "அவங்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. ஆசையா செஞ்சான்" அப்படின்னாங்க.

என் கைல வண்டிச் சாவி இருந்துச்சு. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

எங்களுக்குத்தான் முதல் மார்க். எக்ஸாமினர் சொன்ன மாதிரியே பேசி, பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பாக்க ஒரு நாளும் குறிச்சுக் குடுத்தார். அவன் தெருப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வர ஊருக்குப் போனான். போனவன் வெறும் கையோட திரும்பி வந்தான். அம்மா வர மாட்டேங்குதுன்னான். அறுப்புன்னுச்சாம், அப்புறம் இடுப்பு வலின்னுச்சாம், அப்புறம் காரணமே சொல்லாம வேணாம்னுச்சாம். அம்மா வராம மத்தவங்க வர மாட்டாங்க. ரெண்டு தடவை நாளைத் தள்ளிப் போட்டாங்க. மூணாவது தடவை ஆபீஸ்ல, உங்க ஆளுங்களுக்கே வேணாம்னா எங்களுக்கு என்னத்துக்குன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நான் அவன் பக்கத்துலேயே நின்னு, அய்யோ பாவம்னு மொகத்தை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தேன்.

மார்க் ஷீட் வாங்க காலேஜுக்குப் போன அன்னிக்கு என்னை ஓரமா கூப்பிட்டான்.

"எங்கம்மா இப்பத்தான் வாயைத் தொறந்துச்சு. அன்னிக்கு அது தப்பா அமுத்திடுச்சாம். மிஷினு சரி பண்ணிக்கிச்சுன்னு நீ சொன்னியாமே."

நான் கையில இருந்த மார்க் ஷீட்டை மடிச்சேன்.

"அப்படிச் சரி பண்ற மாதிரி நான் ஒரு வரிகூட எழுதலையேடா."

அவன் கத்தல, சட்டையைப் பிடிக்கல. புரோகிராம்ல கோளாறு வந்தா எப்படிக் கேப்பானோ அதே குரல்ல, "எந்த வரி?"ன்னு கேட்டான்.

"முந்நூத்தி நாப்பத்தஞ்சு."

மனசுக்குள்ளயே புரோகிராமை ஓட்டிப் பாத்திருப்பான் போல. தலையை ஆட்டினான். "அப்ப எதை அமுத்தினாலும் செஞ்சி" அப்படின்னான். அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "அது சரியா அமுத்தியிருக்குதுடா. சரியா அமுத்தினதைத் தப்புன்னு சொல்லி அனுப்பிட்டியேடா."

மன்னிச்சுடுடான்னேன். என்கிட்ட கேக்காதன்னான். "வந்து அதுகிட்ட சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அடுத்த நாளே, வண்டியை எடுக்காம பஸ்ஸுல போனேன். மூணு வருஷ சிநேகத்துல அவன் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை, அதையும் சொல்லிடறேன். வெளியவே கட்டிலைப் போட்டு உக்கார வச்சாங்க. நான் உக்காந்த உடனே அந்த அம்மா யாரையோ கடைக்கு அனுப்பி எனக்குக் கலரு சோடா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அவங்க வீட்டுத் தண்ணியை நான் குடிக்க மாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. தண்ணி போதும்மான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எல்லாத்தையும் சொன்னேன். "நீங்க அமுத்தினது சரிம்மா. காளியைத்தான் அமுத்தினீங்க. நான்தான் எதை அமுத்தினாலும் செஞ்சி வர்ற மாதிரி மாத்தி வச்சேன். மிஷினு சரி பண்ணல. நான்தான் தப்பு பண்ணினேன்."

அந்த அம்மா என்னையும் பையனையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல ஒரு துளி கோவம் இருந்திருந்தாக்கூட எனக்குப் போதும்.

"இவன்தான உங்களை இட்டாந்தான்? நான் வர மாட்டேன்னு சொன்னதுலேருந்து மொகத்தைத் தூக்கி வச்சுக்கினு திரியறான். நீங்க நல்ல புள்ள தம்பி. எம்மனசு நோவக்கூடாதுன்னு இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்துகிறீங்க."

"இல்லம்மா, நெஜமாவே நான்தான்..."

"படிச்ச புள்ளைங்க யாராச்சும் வேணும்னே அப்படிச் செய்வாங்களா? எனக்குத் தெரியாதுங்களா?"

"சத்தியமா சொல்றேம்மா."

அவங்க மொகம் மாறிடுச்சு. சட்டுனு கையை நீட்டித் தடுத்தாங்க. "வேணாம் தம்பி. எனக்கோசரம் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. புள்ளகுட்டி பெத்து நல்லா வாழ வேண்டியவங்க."

அவன் உள்ள போயி அந்த அட்டையை எடுத்துட்டு வந்தான். "எம்மா, மிஷினு வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா தொட்டுக் காட்டு. எது பாண்டி?" அப்படின்னு மடியில வச்சான். அந்த அம்மா கையை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டாங்க. காளியைப் பாத்த உடனே கன்னத்துல போட்டுக்கிட்டவங்க அட்டைப் பக்கமே திரும்பல. "வுட்ரா. தம்பி முன்னாடி இன்னொரு தரம் என்னை வெக்கப்பட வைக்காத" அப்படின்னாங்க. அவன் அட்டையை எடுத்துக்கிட்டு உள்ள போனான். வெளிய வரவே இல்ல.

என்னை பஸ் ஏத்திவிட அந்த அம்மாதான் ரோடு வரைக்கும் வந்தாங்க. வேணாம்மான்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. வழியில மழையைப் பத்தியும், எங்க கழனியில மல்லாட்டை எப்படின்னும் விசாரிச்சுக்கிட்டே வந்தாங்க. புளியமரத்து நெழல்ல நின்னோம். கொஞ்ச நேரத்துல பஸ் வந்துச்சு. நான் படியில கால் வைக்கப் போனேன். அவங்க ஓடிப்போயி என்னை முந்திக்கிட்டு, ஜன்னலை அண்ணாந்து பாத்துக் கண்டக்டரைக் கேட்டாங்க.

"ஏங்க, இது திண்டிவனம் போறதுதானுங்களா? சரியாப் பாத்துச் சொல்லுங்க. தம்பி போவணும்."

அந்த ஊருக்கு வர்றதே அந்த ஒரு பஸ்ஸுதான்.